இரண்டு இதழ் வால்வு நூற்றில் ஒருவருக்கு என்கிறார்களே, நிஜமா?

செம்பருத்தி எழுதியது:

என் தம்பிக்கு வயது 31. வேலையில் சேர்வதற்கான உடல் பரிசோதனையில், இதயத்தில் ஏதோ கூடுதல் சத்தம் கேட்கிறது, எக்கோ எடுத்துவிடுங்கள் என்று அனுப்பினார்கள். "பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வு, லேசான கசிவு, மேலேறும் பெருந்தமனி 38 மி.மீ." என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதாவது இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதானாம். பார்த்த டாக்டர், "பிறவியிலேயே வருவது, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும், அவ்வப்போது எக்கோ எடுத்துக்கொண்டால் போதும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நூற்றில் ஒருவர் என்றால் எங்கள் சொந்தத்திலேயே நாலைந்து பேருக்கு இருந்திருக்க வேண்டுமே? ஒருத்தருக்கும் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. அப்புறம், பரம்பரையாக வரும் என்றால் எனக்கும் என் பையனுக்கும் இருக்குமா? இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் "ரொம்ப சாதாரணம்" என்று இருக்கிறது, அடுத்த பக்கமே "பெருந்தமனி கிழிந்து திடீர் மரணம்" என்கிறது. எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

டாக்டர் சொன்னது தப்பில்லை, கொஞ்சம் தாராளமான கணக்கு, அவ்வளவுதான். யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக் கணக்குகளிலிருந்து வந்தது. 1984இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 21,417 உடல்களைப் பார்த்ததில் 293 பேருக்கு இரண்டு இதழ் வால்வு இருந்தது. அதாவது 1.37 சதவீதம். ஆனால் மருத்துவமனையில் இறந்து, அறுத்தும் பார்க்கப்பட்டவர்கள் ஊர் உலகத்துக்கான சரியான மாதிரி இல்லையே. இதயக் கோளாறு உள்ளவர்கள் அதில் கூடுதலாகத்தான் இருப்பார்கள்.

உயிரோடு இருப்பவர்களை எக்கோவில் பார்த்த கணக்குகள் எல்லாம் இதைவிடக் குறைவு. இத்தாலியில் ராணுவத்துக்கு வந்த 20,946 இளைஞர்களில் 0.8 சதவீதம். அவர்கள் எல்லோருமே ஆண்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதுவா நகரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் 817 பேரைப் பார்த்தபோது அரை சதவீதம்தான். எனக்கு மிகவும் பிடித்தது கோபன்ஹேகன் ஆய்வு. 2021இல் வெளிவந்தது. பிறந்த குழந்தைகள் 25,556 பேருக்கு எக்கோ எடுத்தார்கள், 0.77 சதவீதம் வந்தது. நோய் வந்ததால் பரிசோதனைக்கு வந்தவர்கள் என்ற வடிகட்டல் அதில் இல்லை. கிட்டத்தட்ட 130 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதில் இரண்டு மடங்கு இருந்தது. பெரியவர்களிடம் எடுத்த கணக்குகளில் இந்த வித்தியாசம் மூன்று மடங்குவரை போகிறது.

பிறவி இதயக் கோளாறுகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. யாரையும் தெரியவில்லையே என்றால், அவர்களுக்கே தெரியாது, அதனால்தான். உங்கள் சொந்தத்தில் வயதான பிறகு "வால்வு சுருங்கிவிட்டது" என்று ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது இருக்கிறாரா, விசாரித்துப் பாருங்கள். வால்வு சுருக்கத்துக்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 932 பேரின் வால்வுகளை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பாதிக்குச் சற்று மேல், 54 சதவீதம், பிறவியிலேயே ஒன்று அல்லது இரண்டு இதழோடு இருந்தவை. வயதானதால் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு இப்படிப் பிறவிக் கதையாக இருக்கும்.

கேள்விக்குறி எழுதியது:

ஒரு சந்தேகம். பிறந்தபோது 0.77 என்றால் பெரியவர்களிடம் எப்படி 1.37 வரும்? பிறந்த பிறகு மூன்று இதழ் இரண்டாக மாறுமா என்ன?

வழிப்போக்கன் எழுதியது:

பிறவி வகை அப்படி மாறாது. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. சுண்ணாம்பு படிந்தும் ஒட்டும். அப்படி ஒட்டிய வால்வைப் பிற்காலத்தில் பார்ப்பவர்கள், இது பிறவியா பிறகு வந்ததா என்று பிரிப்பது எப்போதும் எளிதில்லை. பழைய கணக்குகளில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். நோயாளிகள் கூடுதலாகச் சேர்ந்த காரணமும் இருக்கிறது. அதற்காக 1984 கணக்கைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். கையில் எடுத்து, கண்ணால் பார்த்து எண்ணியது அது.

எக்கோஅறை எழுதியது:

நான் எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன், டாக்டர் இல்லை. இந்த வால்வு எப்படித் தப்பிப்போகிறது என்று சொன்னால் கணக்கு ஏன் குழம்புகிறது என்பது புரியும்.

நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வோம். விலா எலும்புகளுக்கு நடுவே ஆய்வுக் கருவியை வைத்துத் திருப்பினால் பெருந்தமனி வால்வு வட்டமாகக் குறுக்குவெட்டில் தெரியும். மூடியிருக்கும்போது மூன்று கோடுகள் நடுவில் சந்திக்கும், பென்ஸ் கார் சின்னம் மாதிரி. வம்பே இங்கேதான். இரண்டு இதழ் வால்வில் பெரும்பாலும் இரண்டு இதழ்கள் ஒன்றாக ஒட்டியிருக்கும், ஒட்டிய இடத்தில் ஒரு தையல் தழும்பு போல மேடு இருக்கும். ராஃபே என்போம். வால்வு மூடியிருக்கும்போது அந்த மேடும் ஒரு கோடாகத் தெரிவதால், மூன்று இதழ் என்றே கண் ஏமாறும்.

அதனால் இதயம் சுருங்கும் கணத்தில், வால்வு திறக்கும்போது பார்க்க வேண்டும். படத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துவேன். மூன்று இதழும் தனித்தனியாகச் சுவரை நோக்கி ஒதுங்கினால் சரி. மீன் வாய் போல நீள்வட்டமாகத் திறந்தால் இரண்டு. உடம்பு கனமாக இருந்தாலோ, நுரையீரல் குறுக்கே வந்தாலோ படம் தெளியாது. அப்போது "வால்வு அமைப்பு தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் நியாயம். அவசரத்தில் "நார்மல்" என்று போய்விடுகிற ரிப்போர்ட்டுகளும் உண்டு. உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் எந்த இரண்டு இதழ் ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? வலது, இடது கரோனரி இதழ்கள் ஒட்டுவதுதான் அதிகம், பத்தில் ஏழு பேருக்கு அப்படித்தான்.

நடுநிசி எழுதியது:

எல்லோரும் எண்ணிக்கை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் நெருங்கிய நண்பன் 44 வயதில் போனான். முதுகு கிழிகிற மாதிரி வலி என்றான், வாயுத் தொல்லை என்று நினைத்தோம். பெருந்தமனி கிழிந்திருந்தது. பிறகுதான் இரண்டு இதழ் வால்வு என்றே தெரிந்தது. சாதாரணம், சாதாரணம் என்று சொல்லிச் சொல்லித்தான் ஆட்களைக் கொல்கிறார்கள். செம்பருத்தி, தம்பியை உடனே பெரிய இடத்தில் காட்டுங்கள்.

பாதிவழி எழுதியது:

நடுநிசி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நானும் அதே வால்வோடு பிறந்தவன்தான், உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது நாற்பதுகளின் நடுவில். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, எடை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வேகமாக நடந்தபோது கண் இருட்டியது. எக்கோவில் வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தது. நெஞ்சைத் திறந்துதான் மாற்றினார்கள். உலோக வால்வு, ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அதன் அளவு சரியா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ராத்திரி அமைதியாக இருந்தால் டிக் டிக் என்று கேட்கும், முதல் சில மாதம் மனைவிக்குத்தான் தூக்கம் வரவில்லை. இப்போது நிறுத்தாமல் நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன்.

கேட்கப்போனால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூட மருத்துவ முகாமில் "சத்தம் இருக்கு" என்று சொன்னார்களாம். யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம். உங்கள் தம்பிக்கு 31லேயே தெரிந்துவிட்டது, என் பார்வையில் அது அதிர்ஷ்டம்.

வழிப்போக்கன் எழுதியது:

நடுநிசி சொன்னது நடப்பதுதான், மறுக்கவில்லை. எத்தனை பேருக்கு நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செம்பருத்திக்கு உதவும்.

அமெரிக்காவில் ஓம்ஸ்டெட் கவுண்டி என்ற பகுதியில் இந்த வால்வு உள்ள 416 பேரை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். பெருந்தமனி கிழிதல், பத்தாயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் சுமார் மூன்று பேருக்கு. மற்ற மக்களோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு. "எட்டு மடங்கு" என்று தலைப்புப் போடலாம், "பத்தாயிரத்தில் மூன்று" என்றும் போடலாம், இரண்டும் ஒரே ஆய்வுதான். இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டு பக்கங்களுக்கும் இதுதான் வித்தியாசம்.

அதே குழுவினர் 2008இல் இன்னொன்று எழுதினார்கள். அறிகுறியும் பெரிய வால்வுக் கோளாறும் இல்லாத 212 பேர். இருபது வருடம் கழித்து 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அதே வயதுள்ள மற்றவர்களுக்கு எதிர்பார்க்கிற அளவுதான். அதற்காக ஒன்றுமே நடக்காது என்று அர்த்தமில்லை. முதலில் சொன்ன 416 பேர் ஆய்வில், 25 வருடத்தில் பாதிப் பேருக்கு மேல் வால்வு மாற்ற வேண்டி வந்தது, கால்வாசிப் பேருக்குப் பெருந்தமனி வீங்கியது. எனவே சாவு பயத்தைவிட, என்றாவது ஒருநாள் ஆபரேஷன் வரலாம் என்பதுதான் உங்கள் தம்பி மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

38 மி.மீ. என்பது ஓர் ஆணுக்குக் கொஞ்சம் மேல்வரம்பு, உயரத்தையும் உடல்வாகையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு ஆபத்து எதுவும் இல்லாவிட்டால் 55 மி.மீ. வந்தால் ஆபரேஷன். குடும்பத்தில் யாருக்காவது பெருந்தமனி கிழிந்த வரலாறு இருந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ 50இலேயே யோசிப்பார்கள். எப்படியும் வால்வுக்காக நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்றால் 45க்கே சேர்த்துச் செய்வதும் உண்டு. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம், அளக்கும் ஆளுக்கு ஆள் ஓரிரு மி.மீ. மாறும். இன்னொன்று, நடுநிசியின் நண்பருக்கு வந்தது போல நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிக்கிற வலி வந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது.

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாதிவழி அண்ணா எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன், முகம் கொஞ்சம் தெளிந்தது. ரிப்போர்ட்டில் வலது, இடது இதழ் ஒட்டியிருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறது. பரம்பரை பற்றி யாரும் சொல்லவில்லையே? ரத்தத்தில் மரபணுச் சோதனை எடுத்தால் எங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?

கதிரொளி எழுதியது:

மரபியல் படித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா, அந்தப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரத்தச் சோதனை இப்போதைக்கு வேண்டாம். 2005இல் நாட்ச்1 என்ற மரபணுவில் கோளாறு இருந்த குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள், பிறகு வேறு சிலவும் வந்தன. ஆனால் எல்லாம் சேர்த்தும் சிறு பங்குக் குடும்பங்களுக்குத்தான் விடை கிடைக்கிறது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வால்வு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எக்கோதான் பதில்.

குடும்பத்துக்குள் எவ்வளவு என்பதுதான் உங்களுக்குத் தேவையான எண். 1997இல் வந்த ஆய்வில், இந்த வால்வு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளை எக்கோவில் பார்த்தபோது சுமார் 9 சதவீதம் பேருக்கு இருந்தது. வெளியே 130 பேரில் ஒருவர், உங்கள் வீட்டுக்குள் பதினொன்று பேரில் ஒருவர். மூன்றில் ஒரு குடும்பத்துக்கு மேல் இன்னொருவரும் அகப்பட்டார். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இல்லை என்பதும் இதே கணக்குதான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரலாம், வந்தாலும் எல்லோரிடமும் வெளிப்படாது, ஒரு தலைமுறை தாண்டியும் தெரியலாம்.

எக்கோ எடுக்கும்போது "வால்வு மட்டும் பாருங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று இதழ் சரியாக உள்ள சொந்தக்காரர்களிலும் சிலருக்குப் பெருந்தமனி அகலமாக இருப்பது தெரியவந்திருக்கிறது. அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

டர்னர் நோய்க்குறி (ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்து பிறக்கும் நிலை) உள்ள பெண்களிடம் இந்த வால்வு மிக அதிகம். பெருந்தமனி குறுக்கம் என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். அந்தக் குறுக்கம் இருந்தால் கையைவிடக் காலில் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும், அதனால் தம்பிக்குக் கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இரும்புக்கை எழுதியது:

இடையில் நுழைகிறேன். எனக்கும் இதே வால்வு, கசிவு இல்லை, பெருந்தமனி நார்மல். ஜிம்முக்குப் போகலாமா? ஒரு டாக்டர் போகலாம் என்கிறார், இன்னொருவர் எதையும் தூக்காதே என்கிறார்.

எக்கோஅறை எழுதியது:

உங்கள் கார்டியாலஜிஸ்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை. பொதுவாக வால்வு நன்றாக வேலை செய்து, பெருந்தமனியும் விரியாமல் இருந்தால் பெரிய தடை போடுவதில்லை. பெருந்தமனி விரிந்திருந்தால், மூச்சை அடக்கி முக்கித் தூக்கும் பளு வேண்டாம் என்பார்கள், அந்த ஒரு நொடியில் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அர்னால்டு ஷ்வார்ஸ்நேகருக்கும் இதே வால்வுதான், உலகமே பார்த்த உடம்பு அது. 1997இல் ஆபரேஷன், பிறகு 2018இலும் 2020இலும் மீண்டும். பளு தூக்கியதால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, பிறக்கும்போதே இருந்தது. அவரைக் காட்டி எதையும் தூக்கலாம் என்று வாதாடவும் வேண்டாம்.

நீலாம்பரி எழுதியது:

பல் விஷயம் யாரும் சொல்லவில்லை. இந்த வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டு வீக்கம் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆஸ்லர் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். முன்பெல்லாம் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். 2007 முதல் அமெரிக்க வழிகாட்டலில் வெறும் இரண்டு இதழ் வால்வுக்கு அது தேவையில்லை. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், ஏற்கெனவே கிருமித் தொற்று வந்தவர்களுக்கும்தான், அதாவது பாதிவழி போன்றவர்களுக்கு. ஈறில் ரத்தம் வராமல் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் பொருந்தும்.

இன்னொன்று, பெருந்தமனி விரிந்தவர்கள் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளை வேறு வழி இருந்தால் தவிர்க்க வேண்டும் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று போனால் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

வீட்டில் எல்லோரும் எக்கோ எடுத்துவிட்டோம். எனக்கு மூன்று இதழ். அம்மாவுக்கும் மூன்று. பையனைச் சும்மா படுக்கவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது, அவனுக்கும் தெளிவாக மூன்று என்றார்கள். தம்பிக்குக் கால் அழுத்தமும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

அப்பாதான் புதிர். 66 வயது. வால்வில் நிறைய சுண்ணாம்பு, நடுத்தரச் சுருக்கம். எத்தனை இதழ் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்கிறார். ஆனால் முன்பு வேகமாக நடப்பவர், இப்போது கூட வருபவர்களை முன்னால் போகச் சொல்லிவிடுகிறார் என்று அம்மா சொல்கிறார்.

எக்கோஅறை எழுதியது:

சுண்ணாம்பு அவ்வளவு படிந்துவிட்டால் எக்கோவில் எல்லாமே வெள்ளை வெளேர் என்றுதான் தெரியும், எண்ண முடியாது. சொல்ல முடியவில்லை என்று எழுதியவர் நேர்மையானவர். சிடி ஸ்கேனில் பெரும்பாலும் பிரித்துப் பார்க்கலாம், நெஞ்சைத் திறக்காமல், கால் ரத்தக்குழாய் வழியாக வால்வு வைப்பதற்கு முன் எப்படியும் எடுப்பார்கள். அப்பா நடையைக் குறைத்துக்கொண்டதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் நடுத்தரம் என்று இருந்தாலும், மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வந்ததா, நெஞ்சு வலித்ததா என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு.

செம்பருத்தி எழுதியது:

சொல்கிறேன். அப்பாவுக்கும் அதே வால்வு என்று சிடியில் தெரிந்தால் பெரியப்பாவும் பார்க்க வேண்டுமா? அவருக்கு 70 தாண்டிவிட்டது, கேட்டால் திட்டுவார்.

வழிப்போக்கன் எழுதியது:

அப்பாவுக்கு உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்களும் அந்தப் பதினொன்றில் ஒருவர் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். பெரியப்பாவிடம் எக்கோ என்று ஆரம்பிக்காதீர்கள், அடுத்த முறை எதற்காவது டாக்டரிடம் போகும்போது நெஞ்சில் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் இருந்தால் டாக்டரே அனுப்புவார். பெரியப்பாவுக்கு மகன்கள் இருந்தால், அப்பாவின் சிடி முடிவை அவர்களுக்கு நேராகவே அனுப்பிவிடுங்கள்.